கடவுளை மறந்த நாடு அழியுமா? சமாரியாவை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: கடவுளை விட்டு விலகிய எந்த மக்களும் நிலைத்ததில்லை, இஸ்ரவேலைப் பாருங்கள் என்று உங்கள் சபையில் அடிக்கடி சொல்கிறார்கள். அது வரலாறா, நம்பிக்கையா? அது உண்மையென்றால், கோயில் பக்கமே போகாத நாடுகள் நன்றாக இருக்கின்றனவே, எப்படி? கடைசியாக, வட இஸ்ரவேலிலிருந்து அசீரியர் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் அந்தப் பத்துக் கோத்திரங்கள் என்னதான் ஆனார்கள்? மூன்று கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் முதல் இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நாட்டுக்கு வந்த அழிவைப் பார்த்து, இது இன்ன பாவத்துக்கு வந்த தண்டனை என்று அடுத்தவர் சொல்ல முடியுமா? நான் இறையியல் கல்லூரியில் பல வருடம் பழைய ஏற்பாடு நடத்தியவன். எபிரெயம் வாசிப்பேன், அசீரிய, பாபிலோனியப் பலகைகளை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். விசுவாசியும்தான். கடவுள் ஒரு நாட்டைத் தண்டித்தாரா என்பதை எந்த அகழாய்வும் நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது. ஆனால் அந்தச் சொல்லை முதலில் சொன்னவர்கள் யார், எந்த நிலையில் சொன்னார்கள், எதை விலகல் என்றார்கள் என்பதையெல்லாம் ஓரளவு உறுதியாகவே பேச முடியும்.

உங்கள் போதகர் மனதில் இருப்பது 2 இராஜாக்கள் 17ஆம் அதிகாரமாக இருக்க வேண்டும். வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா மூன்று வருட முற்றுகைக்குப் பின் விழுகிறது. ஏன் விழுந்தது என்று அந்த நூலாசிரியர் நீளமாகக் காரணம் சொல்கிறார்: எகிப்திலிருந்து மீட்ட கர்த்தரை விட்டு வேறு தேவர்களைச் சேவித்தார்கள், வழிபாட்டு மேடைகள் கட்டினார்கள், தீர்க்கதரிசிகள் சொன்னதைக் கேட்கவில்லை. நகரம் விழுந்தது உண்மை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன், சமாரியாவிலிருந்து 27,290 பேரைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனதாகத் தன் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். இன்றைய ஈராக்கில் உள்ள நிம்ரூதில் கிடைத்த இன்னொரு பட்டகத்தில் அவர்கள் நம்பியிருந்த தெய்வங்களையும் கொள்ளைப் பொருளாக எண்ணினேன் என்கிறான். யார் பிடித்தது என்பதில்தான் குழப்பம். வேதாகமம் சர்கோனுக்கு முந்தைய மன்னன் சல்மனாசார் என்கிறது, பாபிலோனிய ஆண்டுக் குறிப்பும் சமாரியாவைச் சிதைத்தவன் அவனே என்கிறது, சர்கோனோ நானே பிடித்தேன் என்கிறான். கி.மு. 722இல் ஒரு தடவையும் 720இல் கலகம் செய்ததால் இன்னொரு தடவையும் விழுந்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இன்னும் தீராத விவாதம், நம் கேள்விக்கு அவ்வளவு முக்கியமும் இல்லை.

சரி, வரலாற்றாசிரியரைக் கேட்டால் என்ன காரணம் சொல்வார்? கி.மு. 745இல் அசீரியாவில் மூன்றாம் திகிலாத்பிலேசர் அரியணை ஏறினான். அதுவரை கப்பம் வாங்கிக்கொண்டு திரும்பிப் போன அசீரியா, அவன் காலத்திலிருந்து நாடுகளை விழுங்கி மாகாணமாக்கத் தொடங்கியது. கலகம் செய்த மக்களை வேரோடு பிடுங்கி வேறு இடத்தில் நட்டது. இஸ்ரவேல் மன்னன் மெனாகேம் அவனுக்கு ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்தான். அதற்காக வசதி படைத்தவர்களிடம் தலைக்கு 50 சேக்கல் வசூலித்தான் என்று வேதாகமமே சொல்கிறது. ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்ற கணக்கில் பார்த்தால் அறுபதாயிரம் பேர் கட்டியிருக்க வேண்டும். அந்தச் சின்ன நாட்டுக்கு அது என்ன சுமை என்று யோசித்துப் பாருங்கள். அரண்மனையோ இரத்தக் களரி. இரண்டாம் யெரொபெயாம் இறந்தபின் வந்த ஆறு மன்னர்களில் சகரியா, சல்லூம், பெக்காகியா, பெக்கா என்று நான்கு பேர் கொலையுண்டார்கள், ஒவ்வொருவனையும் கொன்றவனே அடுத்து அரியணையில் உட்கார்ந்தான். கடைசி மன்னன் ஓசெயா அசீரியாவுக்குக் கட்டிவந்த கப்பத்தை நிறுத்திவிட்டு எகிப்தை நம்பினான். கதை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சில பத்தாண்டுகளில் விழுந்தது இஸ்ரவேல் மட்டுமல்ல. தமஸ்கு கி.மு. 732இல் போனது. ஆமாத் 720இல் போனது. பெலிஸ்தரின் அஸ்தோத்தும் அப்படியே. அவரவர் தெய்வத்தை அவரவர் விடாமல் கும்பிட்டவர்கள்தான். ஆகவே கர்த்தரை விட்டதால் சமாரியா விழுந்தது என்ற வாக்கியத்தை மட்டும் வைத்து அசீரியாவின் படையெடுப்பு முழுவதையும் விளக்க முடியாது. அந்த வாக்கியம் அதற்காக எழுதப்பட்டதும் இல்லை.

இப்படி விளக்குவது இஸ்ரவேலின் தனிச்சொத்தும் அல்ல. யோர்தானுக்குக் கிழக்கே தீபோனில் 1868இல் ஒரு கருங்கல் கிடைத்தது. மோவாப் மன்னன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நாட்டியது. இஸ்ரவேல் மன்னன் உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான், ஏனென்றால் மோவாபின் தெய்வம் கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தான் என்கிறது அந்தக் கல். பெயரை மாற்றினால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் அப்படியே செருகிவிடலாம். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக மன்னன் கோரேசின் களிமண் உருளையும், பாபிலோன் மன்னன் அந்நகரின் தெய்வமான மர்துக்கை மதிக்காமல் நடந்ததால் மர்துக் கோபம்கொண்டு தன்னைத் தேர்ந்தெடுத்தார் என்கிறது. உபாகமம் 28இல் வரும் சாபங்களைப் பாருங்கள்: தலைக்குமேல் வானம் வெண்கலமாகும், காலடியில் பூமி இரும்பாகும். கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன் தன் குறுநில மன்னர்களிடம் வாங்கிய விசுவாசப் பிரமாணத்திலும் இதே வெண்கல வானமும் இரும்புப் பூமியும் சாபமாக வருகின்றன. அதன் பிரதிகள் 1955இல் நிம்ரூதிலும் 2009இல் துருக்கியின் தெல் தாயினாத்திலும் கிடைத்தன. உபாகமம் அதைப் பார்த்து எழுதப்பட்டதா, இரண்டுமே அக்காலப் பொது வழக்கிலிருந்து எடுத்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. அசீரிய மன்னனுக்கு மட்டுமே உரியது என்று சொல்லப்பட்ட முழு விசுவாசத்தை அவன் வாசகத்தாலேயே பிடுங்கிக் கர்த்தருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

எல்லாரும் இப்படித்தான் விளக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. கி.மு. 2004 வாக்கில் ‘ஊர்’ (Ur) என்ற சுமேரிய நகரம் ஏலாமியரிடம் விழுந்ததைப் பற்றிய புலம்பல் ஒன்றில், ‘ஊர்’ நகருக்கு அரசாட்சி கொடுக்கப்பட்டது, நிரந்தர ஆட்சி கொடுக்கப்படவில்லை என்று பெரிய தெய்வம் என்லிலே சொல்கிறது. யார்மேலும் குற்றமில்லை, முறை முடிந்தது, அவ்வளவுதான். இஸ்ரவேலரும் அப்படிச் சொல்லியிருக்கலாம். எங்கள் தெய்வத்தைவிட அசீரியனின் தெய்வம் பலசாலி என்றும் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொன்னவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். அதற்குப் பதிலாக, தோற்றுப்போன கூட்டம் உட்கார்ந்து, தப்பு எங்களுடையது என்று தன் சரித்திரத்தையே எழுதி வைத்தது. மேசாவும் கோரேசும் வெற்றிபெற்ற பிறகு எழுதினார்கள். இராஜாக்கள் நூலை இன்றைய வடிவில் முடித்தவர்கள் எருசலேமும் போய், ஆலயமும் எரிந்து, ராஜா பாபிலோனில் சிறையிருந்த பிறகு எழுதினார்கள். வெற்றியைக் காட்டிப் பெருமை பேச அவர்களிடம் ஒன்றும் இல்லை. அது ஒரு பாவ அறிக்கை. பாவ அறிக்கையை அடுத்தவனுக்காக யாரும் செய்ய முடியாது. என் பதிலின் சாரம் இதுதான், மீதியெல்லாம் அதற்குத் துணை.

அடுத்து, விலகினார்கள் என்றால் எதை விட்டு விலகினார்கள்? பலர் நினைப்பது சிலை வழிபாடு. அதற்கு ஆதாரம் இருக்கிறது. சீனாய்ப் பாலைவனத்தின் ஓரத்தில் குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975, 76இல் தோண்டியபோது கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டிய பெரிய சாடிகளில், சமாரியாவின் கர்த்தராலும் அவருடைய அசேராவாலும் (அசேரா ஒரு பெண்தெய்வத்தின் பெயர்) உங்களை ஆசீர்வதிக்கிறேன் என்ற எழுத்து கிடைத்தது. தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா நாட்டின் வீடுகளில் மார்பைக் கையால் தாங்கி நிற்கும் சின்னச் சின்னப் பெண் உருவங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சமாரியா அரண்மனையில் 1910இல் கிடைத்த மது, எண்ணெய்க் கணக்கு ஓடுகளில் கர்த்தரின் பெயரைத் தாங்கியவர்களும் கானானியத் தெய்வமான பாகாலின் பெயரைத் தாங்கியவர்களும் பக்கத்துப் பக்கத்து வரியில் வருகிறார்கள். ஆக, தீர்க்கதரிசிகள் கற்பனையாகத் திட்டவில்லை. ஆனால் இதை விலகல் என்று சொல்வதில் ஒரு சிக்கல். ஆதியில் எல்லோரும் ஒரே கடவுளை மட்டும் வணங்கினார்கள், பிற்பாடு கெட்டார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. ஜனங்கள் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் கும்பிட்டார்கள், ஒரே கடவுள் என்ற குரல்தான் பிற்பாடு ஓங்கியது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அகழாய்வுச் சான்றுகளை மட்டும் வைத்தால் இரண்டாவதற்கே எடை அதிகம். இதைச் சபையில் சொன்னால் கொஞ்சம் சலசலப்பு வரும், தெரியும்.

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிட்டது ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலில். தெக்கோவாவில் ஆடு மேய்த்து, காட்டத்திப் பழம் பார்த்துக்கொண்டிருந்த மனிதன். இரண்டாம் யெரொபெயாம் காலத்தில் வடக்கே போய்ப் பேசினான். அந்த மன்னன் நாற்பத்தொரு வருடம் ஆண்டான். எல்லை விரிந்தது, வியாபாரம் செழித்தது. ஆமோஸ் திட்டும் தந்தக் கட்டில்களைச் சேர்ந்த தந்தச் செதுக்கல்கள் போன்றவை 1930களில் சமாரியாவைத் தோண்டியபோது குவியலாகவே கிடைத்தன. அவன் குற்றப்பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். அளக்கும் மரக்கால் சின்னது, பணம் நிறுக்கும் எடைக்கல் பெரிது, தராசில் கள்ளம், கோதுமையோடு பதரையும் சேர்த்து விற்பது, ஒரு ஜோடு செருப்புக்காக ஏழையை விற்பது. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கிறார்கள் என்கிறான். பெத்தேலும் கில்காலும் கூட்டத்தால் நிரம்பி வழிந்தன. பலி, காணிக்கை, பாட்டு எதற்கும் குறைவில்லை. அந்தப் பண்டிகைகளை வெறுக்கிறேன் என்று கர்த்தர் சொல்வதாக ஆமோஸ் அறிவித்தது அவற்றின் நடுவில்தான். அண்டை நாடுகளையும் அவன் விடவில்லை. ஆனால் தமஸ்குவையோ அம்மோனையோ ஏன் கர்த்தரை வணங்கவில்லை என்று அவன் கேட்கவில்லை. கீலேயாத்தின் கர்ப்பிணிகளைக் கீறினாய், ஊரையே பிடித்து அடிமையாக விற்றாய், ஏதோம் ராஜாவின் எலும்பைச் சுண்ணாம்பாக்கினாய் என்று போர்க் கொடுமைகளைத்தான் எண்ணுகிறான்.

ஆமோசில் ஒரு வரி: அடகாக வாங்கிய வஸ்திரத்தை விரித்து எல்லாப் பீடங்களருகிலும் படுத்துக்கொள்கிறார்கள். ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரவில் அவனுக்குப் போர்த்திக்கொள்ள வேறென்ன இருக்கிறது என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. இது வெறும் எழுத்தில் இருந்த சட்டமில்லை என்பதற்கு ஒரு உடைந்த பானை ஓடு சாட்சி. 1960இல் மத்தியதரைக் கடலோரம், யாப்னே யாமுக்குப் பக்கத்தில் மெசாத் ஹஷாவ்யாகு என்ற சின்னக் கோட்டையின் வாசலருகே கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, அநேகமாக யோசியா மன்னன் காலம். அறுவடைக் கூலி ஒருவன் அதிகாரிக்கு எழுதுவித்த மனு. என் எஜமானே, அடியேன் சொல்வதைக் கேளும் என்று தொடங்குகிறது. நான் அறுத்தேன், முடித்தேன், களஞ்சியத்தில் சேர்த்தேன். அதன்பிறகு சோபாயின் மகன் ஓசாயா வந்து என் மேலாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள். நான் குற்றமற்றவன். திருப்பித் தர வேண்டிய கடமை உமக்கு இல்லையென்றாலும் இரக்கம் காட்டும். அதோடு ஓடு உடைந்திருக்கிறது. ஆடை திரும்பக் கிடைத்ததா, தெரியாது. பறித்தவன் பெயரின் முடிவிலேயே (‘யா’) கர்த்தரின் நாமம் இருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லாமல் நான் விட்டதே இல்லை. அவன் பாகாலைக் கும்பிட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓய்வுநாள் தவறாத மேஸ்திரியாகக்கூட இருந்திருக்கலாம்.

இதே கதை நாட்டளவில் நடந்ததை எரேமியா 34இல் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. பயத்தில் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து அதன் நடுவே நடந்து, தங்கள் எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்கிறார்கள். அப்போது எகிப்தின் படை வருகிறது என்ற செய்தி கேட்டு பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்திப் பின்வாங்குகிறார்கள். உடனே விடுதலையானவர்களை மறுபடி பிடித்து அடிமையாக்கிவிட்டார்கள். நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகவே நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் என்று எரேமியா வழியாகப் பதில் வருகிறது. படை திரும்பி வந்தது. கி.மு. 586இல், சிலர் கணக்கில் 587இல், நகரம் எரிந்தது. இந்தச் சம்பவம் இப்படியே நடந்ததற்கு வெளிச்சான்று இல்லை. ஆனால் அந்த அதிகாரம், கடைசியாக மிஞ்சி நின்ற அரணான ஊர்கள் லாகீசும் அசெக்காவும்தான் என்கிறது. 1935இல் லாகீசில் கிடைத்த ஓட்டுக் கடிதம் ஒன்றில், லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று ஒரு காவலன் எழுதியிருக்கிறான். எனவே எரேமியாவின் பின்னணி நம்பத்தக்கது. விலகலின் விளைவு என்று ஒன்றை நான் கையில் தொட்டுக் காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன். சட்டம் என்ன சொன்னாலும் தன் ஆடையும் உடம்பும் திரும்பி வராது என்று தெரிந்துகொண்ட மனிதன் எந்த மதிலைக் காக்க நிற்பான்? இது என் ஊகம்தான், பலகை எதிலும் எழுதியிருக்கவில்லை.

அப்புறம், விலகினால் அழிவு என்ற சூத்திரத்தோடு வேதாகமத்துக்குள்ளேயே சண்டை நடக்கிறது. இதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். மகா பொல்லாதவன் என்று பெயரெடுத்த மனாசே 55 வருடம் நிம்மதியாக ஆண்டான். மகா பக்திமானான யோசியா மெகிதோவில் கி.மு. 609இல் எகிப்திய மன்னன் நேகோவின் கையில் செத்தான். சூத்திரம் இடிக்கிறது. இராஜாக்கள் நூல், மனாசேயின் பாவம் அவ்வளவு பெரிதாகையால் யோசியாவின் பக்தியாலும் கோபம் ஆறவில்லை என்கிறது. நாளாகமம் அதை ஏற்காமல், மனாசே சிறையில் மனந்திரும்பினான், அதனால்தான் நீண்ட ஆட்சி. யோசியாவோ நேகோ வழியாக வந்த கடவுளின் எச்சரிக்கையைக் கேட்கவில்லை, அதனால்தான் சாவு என்று கணக்கை நேர் செய்கிறது. பிதாக்கள் திராட்சைக்காய் தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூச வேண்டுமா, இனி அப்படிப் பேசக்கூடாது என்கிறார் எசேக்கியேல். 44ஆம் சங்கீதம் இன்னும் ஒருபடி மேலே போய், இதெல்லாம் எங்களுக்கு வந்தும் நாங்கள் உம்மை மறக்கவில்லையே என்று கடவுளிடமே முறையிடுகிறது. அதையும் பாட்டாக்கி ஆலயத்தில் பாடியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது எரேமியா 44. எருசலேம் எரிந்தபின் எகிப்துக்கு ஓடிப்போன யூதர்களிடம் எரேமியா, பிற தேவர்களுக்குத் தூபம் காட்டியதால்தானே இந்த அழிவு என்கிறார். பெண்களும் அவர்கள் புருஷர்களும் சேர்ந்து எதிர்த்துப் பேசுகிறார்கள். நாங்கள் வானராக்கினி என்ற பெண்தெய்வத்துக்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தவரை வயிறு நிறையச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தோம். அதை நிறுத்தின நாள்முதல்தான் எல்லாம் குறைந்து பட்டயத்தாலும் பஞ்சத்தாலும் சாகிறோம் என்கிறார்கள். நிகழ்ச்சிகள் அதே, கணக்கு நேர்மாறு. யோசியா வானராக்கினி வழிபாட்டையெல்லாம் ஒழித்த பிறகுதானே நாடு கெட்டது என்றால், காலவரிசைப்படி அவர்கள் சொல்வதும் பொருந்தத்தான் செய்கிறது. எரேமியாவும் பழைய நிகழ்ச்சிகளை வைத்து அவர்களை மடக்கிவிடவில்லை. யார் சொல் நிற்கும் என்று பொறுத்திருந்து பாருங்கள் என்று எதிர்காலத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். இதே வழக்கு கி.பி. 410இல் கோத்தியர் ரோமைச் சூறையாடியபோதும் வந்தது. பழைய தெய்வங்களைக் கைவிட்டுக் கிறிஸ்துவிடம் போனதால் ரோம் விழுந்தது என்றார்கள். அதற்குப் பதில் சொல்ல கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் 22 புத்தகங்கள் கொண்ட ஒரு நூலையே எழுத வேண்டியிருந்தது. விலகியதால் அழிவு என்ற வாதத்தை எந்தச் சமயத்தாரும் எந்தச் சமயத்தாருக்கு எதிராகவும் எடுத்து வீசலாம், அழிவு மட்டும் நடந்திருந்தால் போதும்.

இப்போது கோயில் பக்கம் போகாத நாடுகள். டென்மார்க், ஸ்வீடன் போன்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவோர் மிகக் குறைவு. அதேசமயம் ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் டென்மார்க் வழக்கமாக முன்வரிசையில் நிற்கிறது. ஆமோசின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அங்கே தராசு ஓரளவு நேராக இருக்கிறது. பழைய கிறிஸ்தவ முதலீட்டின் வட்டியில் வாழ்கிறார்கள், அது தீர்ந்ததும் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் அதைச் சரிபார்க்க வழியில்லை. மறுபக்கம் ருவாண்டாவைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலேயே கிறிஸ்தவர்கள் மிக அதிக விகிதத்தில் இருந்த நாடுகளில் ஒன்று. 1994இல் சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். நியமாட்டா, ந்தராமா போன்ற ஊர்களில் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் பலரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அல்பேனியாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்: 1967இல் மதத்தையே தடைசெய்து நாத்திக நாடு என்று அறிவித்தது, வறுமையில் கிடந்து 1990களின் தொடக்கத்தில் அந்த ஆட்சி சரிந்தது. உண்மைதான். ஆனால் பாதிரியையும் இமாமையும் சிறையில் போட்ட அதே ஆட்சி மற்ற எல்லாரையும் நசுக்கியது. எதனால் கெட்டது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆராதனைக் கூட்டத்தின் அளவுக்கும் நாட்டின் நலத்துக்கும் நேரான தொடர்பு இருப்பதாக என்னால் காட்ட முடியாது. தீர்க்கதரிசிகளும் அப்படி ஒரு தொடர்பைச் சொல்லவில்லை.

நம் ஊரிலும் இந்தப் பேச்சின் விலை என்ன என்று பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்த பிறகு, இது இன்னாருடைய பாவத்துக்கு வந்த தண்டனை என்று பல மேடைகளில் பேசினார்கள். ஒவ்வொரு மேடையிலும் பாவி வேறு ஆளாக இருந்தான். வேளாங்கண்ணிக் கடற்கரையில் அன்று செத்தவர்களில் ஏராளமானோர் கிறிஸ்துமஸ் முடிந்து மாதாவைத் தரிசிக்க வந்திருந்த யாத்திரிகர்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று இயேசு சொன்னது லூக்கா 13இல் இருக்கிறது. நீங்கள் மனந்திரும்பாவிட்டால் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். உங்கள் போதகர் 2 இராஜாக்கள் 17ஐ வைத்து, நம் சபையில் யாருடைய மேலாடை நம்மிடம் இருக்கிறது என்று கேட்டிருந்தால் அவர் அந்த நூலைச் சரியாகவே பயன்படுத்துகிறார். பக்கத்து நாட்டையோ பக்கத்துத் தெருவையோ காட்டிப் பேசினால், அந்த நூல் எழுதப்பட்ட நோக்கத்துக்கு எதிர்த்திசையில் போகிறார்.

கடைசிக் கேள்வி, பத்துக் கோத்திரங்கள். முழுசாகக் காணாமல் போனார்கள் என்பது பிற்காலத்தில் வளர்ந்த கதை. சர்கோன் சொல்லும் 27,290 என்பது மொத்த ஜனத்தொகையில் ஒரு பங்குதான். அதற்குப் பத்து வருடம் முன்பே கலிலேயாவிலிருந்தும் கீலேயாத்திலிருந்தும் ஒரு கூட்டத்தைத் திகிலாத்பிலேசர் கொண்டுபோயிருந்தான். கொண்டுபோகப்பட்டவர்கள் ஆலாகு, கோசான் நதியோரமான ஆபோர், மேதியரின் பட்டணங்கள் என்று வேதாகமம் சொல்லும் இடங்களில் குடியேற்றப்பட்டார்கள். அசீரியப் பலகைகளில் அவர்கள் தடயம் கொஞ்சம் இருக்கிறது. நிம்ரூதில் கிடைத்த குதிரைப்படைக் கணக்கில் சமாரியர் பெயரிலேயே ஒரு தேர்ப்படைப் பிரிவு வருகிறது, அதன் தலைவர்களில் சிலர் கர்த்தரின் பெயரைத் தாங்கியவர்கள். தங்கள் நகரத்தை அழித்த மன்னனின் சேனையிலேயே சம்பளம் வாங்கினார்கள் என்று அர்த்தம். இரண்டு மூன்று தலைமுறையில் மற்றவர்களோடு கலந்திருப்பார்கள். இன்னொரு பகுதி தெற்கே யூதாவுக்கு ஓடி வந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் பல மடங்கு பெருத்ததற்கு அது ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள், எவ்வளவு பேர் என்பதில் கடும் விவாதம் உண்டு. வடக்கே பேசிய தீர்க்கதரிசி ஓசியாவின் பேச்சுகளெல்லாம் யூதாவில் பாதுகாக்கப்பட்டது இவர்கள் சுமந்து வந்ததால்தான் என்பது நல்ல ஊகம். பெரும்பாலான குடியானவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அசீரியா கொண்டுவந்து குடியமர்த்தியவர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். கெரிசீம் மலையைப் புனிதத் தலமாகக் கொண்ட சமாரியர் தாங்கள் அந்தப் பழைய இஸ்ரவேலரின் வாரிசுகள் என்கிறார்கள். 2 இராஜாக்கள் 17இன் பின்பகுதி அவர்களை வந்தேறிகள் என்று ஒதுக்குகிறது. மரபணு ஆய்வுகள் அவர்கள் சொல்வதற்கே ஓரளவு சாதகமாக இருக்கின்றன. ஆயிரத்துக்கும் குறைவானவர்கள்தான், நாபுலுசை அடுத்த அந்த மலைமேலும் இன்றைய இஸ்ரேல் நாட்டின் ஹோலோன் நகரிலும் இன்றும் வாழ்கிறார்கள், வருடாவருடம் பஸ்கா ஆட்டை அடித்துக் கொண்டாடுகிறார்கள்.